ஊர் திரும்பியவள்

கொரியாவில் பெண்களைத் திட்டுவதற்கென்றே ஒரு பழைய வசைச்சொல் இருக்கிறது. கேட்டால் காது கூசும். அது ஒரு காலத்தில் ‘ஹ்வான்ஹ்யாங்நியோ’ என்று இருந்ததாம். ஊர் திரும்பியவள் என்று அர்த்தம். இதில் திட்டுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! இல்லை, அதன் வேர் வேறு என்று வாதாடுகிற பண்டிதர்களும் உண்டு. வாதாடட்டும். எனக்குத் தெரிந்த கதை இதுதான்.

வடக்கேயிருந்து வந்த மஞ்சு இனத்தாரின் படை ஏராளமான பெண்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனது. பல வருடம் கழித்து, பிழைத்தவர்களில் சிலர் நடந்தே திரும்பினார்கள். பாவம், வீடு இருக்கிறது என்ற நினைப்பில்தான் அத்தனை தூரமும் நடந்தார்கள்.

அப்படியொரு பனிக்காலத்தில், ஒரு மலை மடாலயத்தில், ஹேவோன் என்ற பிக்கு தன் குருவிடம் வந்தான்.

“சுவாமி, வாசலில் ஒரு ஹ்வான்ஹ்யாங்நியோ நிற்கிறாள். உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள்.”

“அவளுக்குப் பெயர் கிடையாதா?”

“சுன்வோல்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

ஹேவோன் தலையைக் குனிந்துகொண்டான். “என் அக்கா.”

“அவள் வீட்டில் என்ன சொன்னார்கள்?” என்று குரு கேட்டார்.

“புருஷன் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பாவும் கதவைச் சாத்திவிட்டார். இனி அவளுக்குப் போக்கிடம் இல்லை சுவாமி. ஆனால் அந்நியன் கை பட்டவள். நாளைக்கு ஊரார் நம்மைத்தானே கேட்பார்கள்?”

“அதற்கு?”

“ஓடையில் குளித்தால் கறை போய்விடும் என்கிறார்கள். இப்போது அதுதான் வழக்கம். குளித்துவிட்டு வரச் சொல்லவா?”

“நல்ல வழக்கம். வா.”

குரு அவனைப் பின்பக்கத்து ஓடைக்கு அழைத்துப் போனார். கைத்தடியால் பனிக்கட்டியை உடைத்தார்.

“இறங்கு.”

“நானா?”

“பின்னே, நானா?”

ஹேவோன் இறங்கினான். தண்ணீர் மார்பளவு இருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

“படை வந்தபோது நீ எங்கே இருந்தாய்?”

“இங்கேதான் சுவாமி. கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன்.”

“அவளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்ததும் என்ன செய்தாய்?”

“புத்தர் முன்னால் விழுந்து கும்பிட்டேன். தினமும் அழுதேன்.”

“என்ன வேண்டும் என்று கேட்டு அழுதாய்?”

ஹேவோன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குரு விடவில்லை. குனிந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா... ஊர் திரும்ப வேண்டும் என்று.”

சொல்லி முடிப்பதற்குள் அவன் உடைந்துபோனான். தண்ணீரில் நின்றபடியே ஏங்கி ஏங்கி அழுதான். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

பிறகு தட்டுத்தடுமாறிக் கரையேறினான். ஈரத்துணியோடு வாசலைப் பார்த்து ஓடப் போனவன், நின்று திரும்பினான்.

“சுவாமி, அந்தச் சொல் எப்போது வசையாயிற்று?”

“நம் வாசல் வரைக்கும் அது நல்ல சொல்லாகத்தான் நடந்து வந்தது. ஓடு, அவள் பனியில் நிற்கிறாள்.”