அரசர் உரையில் ஒரு குறட்டை

நெடுங்கரைச் சீமையை ஆண்ட ஆவுடையப்ப பூபதிக்கு நீதியின் மேல் தீராத ஆசை. தீர்ப்பு சொல்ல ஆள் போதவில்லை என்று ஒரு சட்டக் கல்லூரியே கட்டிவிட்டார். ஊர் ஊராக இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். காலையில் பாடம், மாலையில் பழகு வழக்கு. ஒருவன் வேட்டியை இன்னொருவன் கட்டிக்கொண்டு போனால்கூட வாதி, பிரதிவாதி, சாட்சி என்று பிரிந்து நின்று தொண்டை வற்றும்வரை வாதாடுவார்கள். தீர்ப்பு வருவதற்குள் வேட்டி கிழிந்துவிடும்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அன்றாடச் செய்தியைக் கரியால் எழுதுகிறவன் தில்லைவனம் என்ற மாணவன். நடந்ததை நடந்தபடி எழுதுவான். ‘இன்று மோர்க்குழம்பு. மோர் பின்னால் வரும் என்கிறார்கள்’ என்று ஒருநாள் எழுதினான். இன்னொரு நாள், ‘தலைமை ஆசிரியர் வாக்கீச பண்டிதர் போன ஆண்டு சொன்ன வேடிக்கையை இந்த ஆண்டும் சொன்னார். இந்த ஆண்டும் அவர்தான் சிரித்தார்’ என்று எழுதினான். அதைப் படித்தது முதல் பண்டிதர் அவன்மேல் கண்ணாக இருந்தார்.

ஒருநாள் அரசரே கல்லூரிக்கு வந்து ‘தண்டனையின் பயன்கள்’ என்று உரையாற்றினார். வெகுநேரம் ஆற்றினார். மறுநாள் சுவரில் செய்தி வந்தது: ‘அரசர் உரை நிகழ்த்தினார். தில்லைவனம் உறங்கினான்.’ தன்னைப் பற்றியது என்பதற்காக ஒரு செய்தியை மறைப்பது அவனுக்கு முறையாகப் படவில்லை.

பண்டிதர் அதற்காகவே காத்திருந்தவர்போல நேரே அரண்மனைக்குப் போனார்.

மறுநாள் அவை கூடியது. தில்லைவனத்தை நடுவில் நிறுத்தினார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. ஊரில் அப்பா நிலத்தை அடகு வைத்துப் படிக்க அனுப்பியிருந்தார். உடன் படித்தவர்களும் வந்திருந்தார்கள். வேட்டிக்காக அத்தனை வாதாடியவர்கள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அரச நிந்தை,” என்றார் பண்டிதர். “கல்லூரியிலிருந்து பெயரை நீக்கி, நாட்டை விட்டே அனுப்ப வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.”

அரசருக்கு உள்ளூர வருத்தம். அந்த உரைக்காக அவர் நிறையப் படித்திருந்தார். “இவனுக்காகப் பேச யாராவது உண்டா?” என்று கேட்டார். “ஒன்று சொல்லிவிடுகிறேன். தோற்றால் பேசியவரும் இவனோடு புறப்பட வேண்டியதுதான்.”

குழந்தையப்பர் எழுந்தார். அவையில் இவருக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அரசர் கேட்பதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

“பண்டிதரே, பையன் நிஜமாகவே உறங்கினானா? சும்மா கண்ணை மூடியிருக்கலாம் அல்லவா?”

“குறட்டை விட்டான். நானே கேட்டேன்.”

“அரசர் எங்கே இருந்தார்?”

“எதிரே. கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம்.”

“காவலர்கள்?”

“உருவிய வாளோடு இரண்டு பக்கமும் நின்றார்கள்.”

“அப்படியுமா உறங்கினான்?”

“அப்படியும்தான் உறங்கினான்,” என்றார் பண்டிதர். வழக்கு முடிந்துவிட்டது என்று அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

குழந்தையப்பர் அவைப் புலவர் பக்கம் திரும்பினார். “புலவரே, தினமும் அரசர் கொலு ஏறும்போது பாடுவீரே, அதில் உறக்கம் பற்றி ஒரு வரி வருமே. அதைச் சொல்லும்.”

புலவர் கனைத்துக்கொண்டு பாடினார்:

“கள்வர்பயம் இன்றிக் காவலர்பயம் இன்றிக்
கண்ணுறங்கும் குடிபடைத்த காவலனே.”

“அரசே, இத்தனை நாளும் இது வெறும் பாட்டு,” என்றார் குழந்தையப்பர். “குடிகள் பயமில்லாமல் உறங்குகிறார்களா என்று எவர் வீட்டில் போய் யார் பார்த்தார்கள்? இன்றைக்குத்தான் சாட்சி கிடைத்திருக்கிறது. வாளுக்கு நடுவில், தங்கள் முன்னாலேயே, ஒரு குடிமகன் குறட்டை விட்டிருக்கிறான். பண்டிதரே கேட்டிருக்கிறார். இவனைத் தண்டித்தால் நாளை முதல் நாடே பயந்துபோய் விழித்திருக்கும். அப்புறம் புலவர் பாட்டை மாற்ற வேண்டிவரும்.”

“மாற்றுவது கஷ்டம்,” என்றார் புலவர் அவசரமாக. “மோனை போய்விடும்.”

அரசர் தாடையைத் தடவினார். “நீயே சொல்லப்பா. ஏன் உறங்கினாய்?”

தில்லைவனம் வாயைத் திறந்தான். “உண்மையைச் சொன்னால், அரசே, அந்த உரை...”

குழந்தையப்பர் அவன் காலை மிதித்தார். “என் கட்சிக்காரருக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.”

அரசரின் உதட்டோரம் துடித்தது. பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். அவையும் சிரித்தது. பண்டிதர் கொஞ்சம் பிந்திச் சேர்ந்துகொண்டார்.

வழக்கு தள்ளுபடியானது. தில்லைவனம் கல்லூரியிலேயே படிக்கலாம், சுவரிலும் எழுதலாம் என்று உத்தரவாயிற்று. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அரசர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குழந்தையப்பருக்குப் போர்த்தினார். போர்த்தும்போதே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அன்றைக்கு நீரும் முன்வரிசையில்தானே இருந்தீர்? கடைசிவரை கொட்டக் கொட்ட விழித்திருந்தீரே?”

“ஆமாம் அரசே,” என்றார் குழந்தையப்பர் பணிவாக. “நான் கொஞ்சம் பயந்த சுபாவம்.”