வியாழன் வெடித்த வாரம்

ஓணாங்குளத்து ஆட்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார்கள். ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று கண்டக்டர் கத்தினார் என்பதற்காக டிரைவர் மடிவரைக்கும் போய் உட்கார்ந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருந்ததால், மாத்திரையைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், ‘பால்வெளிப் படகு’ என்ற வெளிநாட்டுத் தொடர் டிவியில் தமிழ் பேச ஆரம்பித்தது. விண்கலம், வேற்றுக்கோள், பச்சை ரத்தம் எல்லாம் அதில் உண்டு. தளபதி ஆர்க்கன் என்று ஒருவர் வருவார். ஆள் வெள்ளைக்காரர், குரல் கொடுத்தவர் புண்ணியத்தில் சுத்தமான செந்தமிழ் பேசுவார். அவ்வளவு சுத்தமான தமிழில் பொய் சொன்ன ஒருவரை ஓணாங்குளம் கண்டதில்லை. அவ்வளவு சுத்தமான தமிழில் யாரும் அங்கே பேசியதில்லை என்பதும் ஒரு காரணம்.

உடனே மன்றம் பிறந்தது. பந்தல்காரர் மாசானத்தின் கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் பிரியாணி அண்டாக்களுக்கும் நடுவே டிவியை வைத்து, வாசலில் ‘தளபதி ஆர்க்கன் தலைமை ரசிகர் மன்றம்’ என்று பலகை மாட்டினார்கள். கிளையே இல்லாத மன்றத்துக்குத் தலைமை எதற்கு என்று எவனோ கேட்டுவிட்டான். கேள்வி நியாயமானது என்பதால், அதே கொட்டகையின் பின்வாசலில் ‘கிளை’ என்று இன்னொரு பலகையையும் மாட்டினார்கள். மாசானம் தலைவர். தையல்காரர் ஞானமுத்து கொள்கை பரப்புச் செயலாளர். செயலாளர், மாவு மில் இசக்கியப்பன்.

இசக்கியப்பனுக்குத் தாய் தகப்பன் இல்லை, வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, கல்யாணம் மட்டும் கிட்டே வரவில்லை. கடைசியில் ஜோசியர் ஒரு நாள் கட்டத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வியாழ நோக்கம் வந்துவிட்டது, வருகிற வியாழக்கிழமையே போய்ப் பெண்ணைப் பார்த்துவிடு, இதை விட்டால் வியாழன் ஒரு சுற்றுச் சுற்றி வரப் பன்னிரண்டு வருசம் ஆகும் என்றார். பெண்ணும் தயாராக இருந்தது. மேலப்பனையூர் சொரிமுத்துவின் மகள் உலகம்மை. அவள் போட்டோ போனில் வந்த அன்று, இசக்கியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வீட்டுக் கோதுமையையும் இன்னொரு வீட்டு மிளகாயையும் சேர்த்து அரைத்துக் கொடுத்தான். இரண்டு வீட்டிலும் அன்றைக்குச் சப்பாத்தி சாப்பிட்டவர்கள் அழுதார்கள். அவனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

அந்த வியாழனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பகுதி ஒளிபரப்பானது.

பகைவர் படை வியாழனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பூமியைக் குறி வைக்கிறது. விண்கலத்தில் எரிபொருள் இல்லை. தளபதி ஆர்க்கன் கொஞ்ச நேரம் சன்னல் வழியாகப் பார்க்கிறார். பிறகு, “வேறு வழியில்லை. வியாழனை அழித்துவிடுங்கள்” என்கிறார். ஒரு பெண் சிவப்புப் பொத்தானை அமுக்குகிறாள். டிவி முழுக்க வெளிச்சம். புகை அடங்கியதும் தளபதி தொப்பியைக் கழற்றி, நேராக ஓணாங்குளத்தைப் பார்த்துச் சொல்கிறார்: “மானிடரே, இனி வியாழன் என்பது கிடையாது. அது இல்லாமல் வாழப் பழகிக்கொள்ளுங்கள்.”

கொட்டகையில் மாசானம் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். ஒரு நிமிடம் மௌனம் என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நிமிடம் முடிந்ததைச் சொல்ல வேண்டுமானால் யாராவது வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் மௌனம் கலைந்துவிடும். ஆகையால் செய்தி முடிந்து, சமையல் நிகழ்ச்சி முடிந்து, அதில் செய்த வடைகறியும் தீர்ந்து, மாசானத்தின் சம்சாரம் வந்து ஏசுகிறவரைக்கும் நின்றார்கள்.

முதலில் பேசியது ஞானமுத்து.

“அண்ணாச்சி, அப்ப புதனுக்கு அடுத்தாப்புல என்ன வரும்?”

“வெள்ளி.”

“நடுவுல ஒரு பள்ளம் இருக்குமே. தெரியாம நடந்து போயி உள்ள விழுந்துட்டா?”

மாசானம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. “புதன்கிழமை ராத்திரி எல்லாரும் படுத்துக்கிடணும். படுத்திருக்கிறவன் எப்படிலே விழுவான்?” என்றார்.

இசக்கியப்பனுக்கு மட்டும் பள்ளத்தைப் பற்றிய பயம் இல்லை. வியாழனே இல்லை என்றால் வியாழ நோக்கம் ஏது? பார்க்கிற ஆளே வெடித்துப் போன பிறகு, யார் எங்கிருந்து நோக்குவது? உலகம்மையின் போட்டோவை எடுத்துப் பார்த்தான். அவள் எந்தக் கிழமையிலும் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. வியாழனின் படம் கிடைக்கவில்லை. பேனர் அடிப்பவனிடம் உருண்டையாக ஒரு லட்டுப் படம் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டார்கள். கீழே ‘ஆழ்ந்த துயரத்தில்: ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி, சனி மற்றும் மன்றத்தினர்’ என்று இருந்தது. பேனரைப் பார்த்து ஊரில் பலர் புது மிட்டாய்க் கடை திறக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து ரோஸ்மேரி டீச்சர் அவர்களைக் கூப்பிட்டு, அது கோள், இது கிழமை, இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று என்று பொறுமையாக விளக்கினார். சந்தேகம் இருந்தால் காலண்டரைப் பாருங்கள் என்றார்.

ஞானமுத்து பாவப்பட்டு அவரைப் பார்த்தார். “காலண்டர் போன வருசம் சிவகாசியில அடிச்சது டீச்சர். இது நேத்து வெடிச்சது.”

திரும்பி வரும்போது, வெடிக்கப் போகிற விசயம் சிவகாசிக்காரர்களுக்கே முன்கூட்டித் தெரியவில்லை பாருங்கள் என்று அவர் வியந்துகொண்டே வந்தார்.

இசக்கியப்பன் மில்லைப் பூட்டிவிட்டுக் கொட்டகையில் வந்து சுருண்டு படுத்துக்கொண்டான். அவன் படுத்திருந்த கோலத்தைப் பார்த்து மாசானத்துக்கு மனசு பொறுக்கவில்லை. தலைவர் என்கிற முறையில் அந்தப் பகுதியை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். விண்கலத்துப் பொறியாளர் ஒரு வார்த்தை சொன்னது ஞாபகம் வந்தது. வியாழன் அழிந்த செய்தி பூமியை எட்டச் சில நாட்கள் பிடிக்கும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார்.

“லே இசக்கி, எந்திரி,” என்றார் மாசானம். “எங்க சித்தப்பா பம்பாயில செத்துப்போன சேதி வந்து சேர நாலு நாளாச்சு. அந்த நாலு நாளும் எங்க சித்தி தலையில பூ இருந்துச்சா இல்லையா? சேதி போய்ச் சேராத ஊர்ல வியாழன் இன்னும் உசுரோடதான் இருக்கும்.”

இசக்கியப்பன் எழுந்து உட்கார்ந்தான். அப்படியானால் மேலப்பனையூருக்குச் சேதி போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மன்றம் கைதட்டி அதை ஏற்றுக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மாசானத்தின் குட்டியானை வண்டியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மூவரும் மேலப்பனையூர் போனார்கள். தெருத் தெருவாக வண்டி ஊர்ந்தது. ஞானமுத்து மைக்கைப் பிடித்து, தளபதியின் தமிழிலேயே சொன்னார்: “மேலப்பனையூர்ப் பெருமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள். வியாழன் வெடித்து அழிந்துவிட்டது என்ற செய்தியைத் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.” சொரிமுத்துவின் வீட்டு வாசலில் மட்டும் வண்டியை நிறுத்தி, ஒலியைக் கூட்டி, மூன்று தரம் சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியில் குளத்தங்கரையில் டீ குடித்தபோதுதான் இசக்கியப்பனுக்கு என்னவோ நெருடியது.

“அண்ணாச்சி, கேக்கக் கூடாதுன்னு நாம சொன்னதை அவங்க கேட்டிருப்பாங்களோ?”

டீக்கடைக்காரர், நீங்கள் மேலப்பனையூரில் பேசியது இங்கேயே நன்றாகக் கேட்டது என்று பாராட்டினார்.

புதன்கிழமை ராத்திரி மன்றத்தார் அவரவர் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். விடிந்ததும் ஓணாங்குளத்துக்கு வெள்ளிக்கிழமை. மாசானத்தின் சம்சாரம் வீட்டைக் கழுவி விளக்கேற்றினாள். ஞானமுத்து வெள்ளிக்கிழமையில் கவிச்சி தொடமாட்டார். தட்டில் விழுந்த நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துப் பூனைக்குப் போட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் குழப்பம். வியாழனும் இல்லை, வெள்ளியும் சரியாக வந்து சேரவில்லை, எந்தக் கிழமைப் பாடத்தை எடுத்துப்போவது என்று பேசிப் பேசி, கடைசியில் குளிக்கப் போய்விட்டார்கள்.

இசக்கியப்பன் பெண் பார்க்கப் போவதற்கென்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, போக நாளில்லாமல், மில்லில் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. சொரிமுத்து.

“மாப்பிள்ளை, எங்க இருக்கீக? கேசரி ஆறுது.”

“மாமா,” என்றான் இசக்கியப்பன். “நீங்க எந்தக் கிழமையில இருந்து பேசுதீக?”

“இதென்ன கேள்வி. வியாழக்கிழமையில இருந்துதான்.”

“சேதி உங்களுக்கு வரலையா?”

“கேக்க வேண்டாம்னு மைக்குல சொன்னீகளே. நாங்க யாரும் கேக்கலை. தெருவே காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு.”

இசக்கியப்பன் கொட்டகைக்கு ஓடினான். மேலப்பனையூரில் வியாழன் இன்னும் இருக்கிறது, கேசரியோடு இருக்கிறது என்றான். மன்றம் பரபரத்தது. ஆனால் ஞானமுத்து ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். இங்கே வெள்ளி, அங்கே வியாழன். நேரே வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் சனிக்கிழமைக்கல்லவா போய்ச் சேர்வோம்? வெள்ளியிலிருந்து வியாழனுக்கு வண்டியை எப்படி ஓட்டுவது?

“பின்னால,” என்றார் மாசானம்.

குட்டியானையை ரிவர்ஸ் கியரில் போட்டார். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓணாங்குளத்திலிருந்து மேலப்பனையூர்வரைக்கும் பின்னாலேயே ஓட்டினார். வழியில் இரண்டு ஆட்டுக்கிடாய்களும் ஒரு கோழி வண்டியும் அவர்களை முந்தவிட்டு மரியாதையாக ஒதுங்கின. எதிரே வந்த பஸ்காரர், வருகிறார்களா போகிறார்களா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தார். மாசானத்தின் கழுத்து பிடித்துக்கொண்டது. அது பிறகு ஒரு வாரம் திரும்பவில்லை. அந்த வாரத்தில் எத்தனை நாள் என்பது வேறு விசயம்.

சொரிமுத்துவின் வாசலில் இறங்கும்போது மாசானம் எச்சரித்தார். முகத்தைத் திருப்பிவிடாதே, திருப்பினால் அந்த நிமிசமே வெள்ளிக்கிழமைக்குப் போய்விடுவாய் என்றார். ஆகவே இசக்கியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டே படியேறினான். முதுகாலேயே கும்பிட்டான். கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சுவரில் பல்லி ஒன்று இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பின்னால் கொலுசுச் சத்தம் வந்தது. ஜென்மத்திலேயே அவன் கேட்ட சத்தங்களில் நல்ல சத்தம் அதுதான். திரும்பிப் பார்த்தால் வியாழன் போய்விடும், பார்க்காவிட்டால் உலகம்மை போய்விடுவாள்.

தோளுக்கு மேலே ஒரு கை காபி டம்ளரை நீட்டியது. எவர்சில்வர் டம்ளர். அதன் வளைவில் ஒரு முகம் நீளமாகத் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று சொரிமுத்து மகளைக் கேட்டார்.

“பின்பக்கம் பிடிச்சிருக்குப்பா,” என்றாள் உலகம்மை. “முன்பக்கத்தை நாளைக்கு வெள்ளிக்கிழமை கொண்டாந்து காட்டச் சொல்லுங்க.”

சொரிமுத்துவுக்கு அது நியாயமாகவே பட்டது. மாடு பிடிக்கப் போனால்கூட இரண்டு பக்கமும் பார்க்கிறோம் என்றார்.

மறுநாள் மேலப்பனையூரில் வெள்ளி. ஓணாங்குளத்தில் அன்றைக்குச் சனி. மறுபடியும் பின்னாலேதான் போக வேண்டும். பின்னால் போனால் பின்பக்கம்தான் தெரியும், அவள் கேட்டதோ முன்பக்கம். மன்றம் காலையிலிருந்து விவாதித்தது. வீட்டைத் திருப்பலாமா என்று மாசானம் கேட்டார்; பந்தல் என்றால் ஒரு மணி நேரத்தில் திருப்பிவிடுவார், இது ஓட்டுவீடு. கடைசியில் ஞானமுத்துதான் வழி கண்டார். இசக்கியப்பனின் போட்டோ ஒன்றை ஸ்டூடியோவில் பெரிதாக்கி, அவன் பின்தலையில் வைத்து எலாஸ்டிக் நாடாவால் கட்டினார். சட்டையையும் பொத்தான் முதுகுப்பக்கம் வருகிற மாதிரி மாட்டிவிட்டார். தையல்காரர் என்பதால் காலர் கச்சிதமாக உட்கார்ந்தது.

உலகம்மை வந்தாள். போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். சுற்றி வந்து, சுவருக்கும் அவனுக்கும் இடையில் இருந்த சந்தில் நுழைந்து, எதிரே நின்று உண்மை முகத்தையும் பார்த்தாள். இசக்கியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வெள்ளிக்கிழமை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம். மூடின கண்ணோடு, “பிடிச்சிருக்கா?” என்று கேட்டான். அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“அப்பா,” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ரெண்டு பேரையும் பிடிச்சிருக்கு. இதுல யாரைக் கட்டி வைக்கப்போறீகன்னு அவுககிட்டயே கேட்டுச் சொல்லுங்க.”

மன்றம் அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டது. தலைமையும் கிளையும் கலந்து பேசி ஒருமனதாக முடிவெடுத்தன. பத்திரிகை அடித்து வந்தது. மணமகன் என்ற இடத்தில் ‘இசக்கியப்பன் (இருபுறமும்)’ என்றும், முகூர்த்தம் என்ற இடத்தில் ‘வியாழக்கிழமை (மேலப்பனையூரில் மட்டும்)’ என்றும் அழகாக அச்சாகியிருந்தது. அடியில், மஞ்சள் தடவிய ஓரத்துக்குச் சற்று மேலே, ‘தாங்கள் தங்கள் சுற்றம் சூழப் பின்பக்கமாக வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்’ என்றிருந்தது.

ஓணாங்குளம் மொத்தமும் அப்படியே வந்திருந்தது.