நீளம் மிஞ்சியவை

"மேடம், மாடு ரொம்ப ஏழைங்க" என்றார் இருதயராஜ்.

மெஹருன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். "உக்காருங்க டாக்டர். சாப்பிட்டுட்டு அழலாம்."

இருதயராஜ் உட்காரவில்லை.

மலையடிவார ஊர்களில் பல வருஷம் மாட்டு வைத்தியம் பார்த்தவர் அவர். அம்மை வந்த வருஷம், ஒரே தொழுவத்தில் ஒரு மாடு செத்துக் கிடக்க, பக்கத்து மாடு நிம்மதியாக அசைபோட்டு நின்றதைப் பார்த்தார். அது ஏன் என்று தெரியாமல் இனி ஊசியைத் தொடுவதில்லை என்று கிளம்பிவிட்டார். தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி மாணவர்.

பேராசிரியர் மெஹருன்னிசா வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் அவர் முன்னால் இருதயராஜ் கை கட்டித்தான் நிற்பார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

"இன்னைக்கு ஆய்வுக் குழு வருது மேடம். ஆராய்ச்சியில ஒண்ணும் தேறலைன்னா பட்டியைக் கலைச்சு மாடுகளை ஏலம் விட்ருவாங்க. செவலையையும் சேர்த்து."

"தெரியும்."

"ஒண்ணும் தேறலைன்னுதான் சொல்லப் போறேன்."

குரல் உடைந்தது. பட்டத்தை நினைத்து அல்ல. செவலை, ரத்தம் எடுக்கப் போனால் தானே கழுத்தை நீட்டுகிற பசு.

"முழுசா சொல்லுங்க" என்றார் மெஹருன்னிசா.

"கிருமியைப் பிடிக்கிற புரதத்தை, மரபணுத் துண்டுகளை ஒட்டித்தானே உடம்பு செய்யுது? மனுஷன்கிட்ட விதவிதமா துண்டு இருக்கு. மாத்தி மாத்தி ஒட்டுறான், கணக்கில்லாம புரதம் கிடைக்குது. மாட்டுகிட்ட இருக்கிறதே கொஞ்சம். அதுவும் ஒண்ணை ஒண்ணு உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு. எப்படி ஒட்டினாலும் பெருசா வித்தியாசம் இல்லை."

"அப்புறம் எப்படி பிழைக்குது?"

"அதான் தெரியலை. மரபணு எழுத்து வரிசை எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"சுத்தம் பண்ணின எல்லாத்தையும்."

மெஹருன்னிசாவின் கை சோற்றிலேயே நின்றது.

"என்ன சுத்தம்?"

"நீளம் மிஞ்சின வரிசைகளை முதல்லயே கழிச்சிருவேன் மேடம். பத்துல ஒண்ணு அப்படி வரும். வரிசையைப் படிக்கிற மெஷினோட தப்பு."

"காட்டுங்க."

"குப்பைங்க அது."

"மாட்டு டாக்டர் குப்பைக்குப் பயப்படலாமா?"

இருதயராஜ் கழித்ததை எல்லாம் திரையில் திறந்தார். எழுத்துகள் விளிம்பைத் தாண்டி ஓடின.

"எந்தத் துண்டுலேருந்து வந்தது?"

"எல்லாமே ஒரே துண்டுதான். மாட்டுகிட்ட ஒரு நீளமான துண்டு இருக்கு, அது."

"அப்போ எல்லாம் ஒரே மாதிரி இருக்கணுமே."

இருதயராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "இல்லை. துண்டு ஒண்ணுதான், ஆனா ஒட்டின பிறகு எழுத்து அங்கங்க மாறியிருக்கு. சிஸ்டீன்கூட இடம் மாறியிருக்கு."

சிஸ்டீன் என்பது புரதத்தில் முடிச்சுப் போடும் கண்ணி. இரண்டு சேர்ந்தால் ஒரு முடிச்சு.

"முடிச்சு இடம் மாறினா?"

"புரதம் சுருள்ற விதமே மாறிரும். காம்பு மாதிரி நீண்டு, நுனியில ஒரு குமிழ். ஒவ்வொண்ணுலயும் குமிழ் வேற வேற உருவம்..." உற்சாகம் வந்த வேகத்தில் அடங்கியது. "ஆனா தப்புதான் மேடம். புரதம் இவ்வளவு நீளமா நீட்டிக்கிட்டு நிக்காது."

"எல்லா மாட்டுலயும் வந்துதா?"

"எல்லா மாட்டுலயும். ஒவ்வொரு தடவையும்."

"மெஷினுக்கு மாடுங்க மேல அப்படி என்ன கோபம்?"

இருதயராஜ் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர், ஆனால் பிடிவாதம் இருக்கிறதே, அதற்கு மூக்கணாங்கயிறு போட முடியாது. "மென்பொருள் சொல்ற நீள அளவு மேடம். ஆயிரக்கணக்குல மனுஷப் புரதத்தைப் பார்த்து வெச்சது. அது தப்பாகாது."

மெஹருன்னிசா கையைக் கழுவினார். "தெர்மாமீட்டர் எடுத்துட்டு வாங்க. செவலைக்குச் சூடு பார்க்கணும்."

"ஏன், என்னாச்சு அதுக்கு?" இருதயராஜ் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினார்.

பட்டியில் செவலை கழுத்தை நீட்டியது. அவர் வாலைத் தூக்கி தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். மூச்சு வந்தது.

"நூத்தி ஒண்ணரை."

"எனக்கு நூத்தி ஒண்ணரை இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"மாத்திரை குடுத்துப் படுக்கச் சொல்வேன்."

"அப்போ செவலைக்கும் மாத்திரை குடுங்க."

"என்ன மேடம் நீங்க, சின்னப் பிள்ளை மாதிரி! மாட்டுக்கு அதுதான் சரியான சூடு. மனுஷ அளவை வெச்சு மாட்டைப் பார்த்தா—"

வாய் திறந்தபடியே நின்றது.

செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இருதயராஜ் தெர்மாமீட்டரை வைக்கோலில் போட்டார். இரண்டு கையாலும் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"தாயி, மன்னிச்சிரு. உன் சொத்தை எல்லாம் நீளம் மிஞ்சின குப்பைன்னு நானே வாரி வெளிய கொட்டியிருக்கேன்."

மெஹருன்னிசா பட்டி வாசலைப் பார்த்தார்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஓடுங்க டாக்டர். குழுவோட கார் வந்துருச்சு."