பேத்தை குடித்த கல்யாணத் தண்ணீர்

அந்தக் காலத்தில், மீன்களுக்கும் பேச்சு இருந்தபோது, பவளப்பாறையில் கல்யாணம் என்றால் வீடு வீடாகப் போய் நேரில்தான் அழைக்க வேண்டும். அழைக்க வந்தவர் வாயில் எதையும் வைக்காமல் திரும்பினால் அந்த வீட்டுக்காரருக்கு அவமானம். குடியிருப்பது கடலுக்குள்ளே, ஆனால் உபசாரத்துக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். என்னத்தைச் சொல்ல!

பேத்தை மீனின் மகள் முத்துராக்குக்கு மறுநாள் கல்யாணம். அப்போதெல்லாம் பேத்தை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒல்லி. சிப்பி ஓட்டில் பாசியை வெற்றிலையாக மடித்து வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பியது.

"அந்தக் களவாவை மட்டும் விட்டுடாதீங்க. கூப்பிடலேன்னா கோவத்துல பந்தலுக்கே வந்து மாப்பிள்ளையை முழுங்கிடும்" என்றது மனைவி. களவா, பாறைப் பொந்தில் கிடக்கும் பெரிய மீன். அதற்கு உடம்பில் பாதி வாய்தான்.

முதலில் கிளிமீன் வீடு. "ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கண்ணே." குடித்தது. அடுத்தது கடல்குதிரை வீடு. "கிளிமீன் வீட்டுல குடிச்சீங்களாமே, எங்க தண்ணி மட்டும் இறங்காதோ?" அங்கேயும் குடித்தது. நண்டு வீட்டில் மூத்த மருமகள் ஒரு சொம்பு நீட்டினாள், இளைய மருமகள் அதைவிடப் பெரிய சொம்பு நீட்டினாள். பாவம், பெண்ணைப் பெற்றவன் யாரைப் பகைத்துக்கொள்ள முடியும்? ஊரைச் சுற்றி முடித்தபோது கழுத்துவரை தண்ணீர் நின்றது.

கடைசியில் களவாவின் பொந்துக்கு வந்தது.

"அட, பேத்தையா? உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று களவா வாயைத் திறந்தது. பொந்துக்குள் ஒரே இருட்டு. பேத்தை அதை வாசல் என்று நினைத்து நுழைந்துவிட்டது. நுழைந்த பிறகுதான் சுற்றிலும் பல் தெரிந்தது.

'ஐயோ, நான் போய்விட்டால் என் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமே!' பேத்தைக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. காலையிலிருந்து செய்து செய்து பழகியது ஒன்றுதான். களவாவின் வாயில் கிடந்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தது.

அவ்வளவுதான், வயிறு தாங்கவில்லை. பேத்தை பூசணிக்காய் மாதிரி உப்பியது. தோலுக்குள் சும்மா படுத்துக் கிடந்த முள்ளெல்லாம் விறைத்து நின்றது. களவாவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

பேத்தை உள்ளே இருந்தபடியே வந்த வேலையைச் சொன்னது. "நாளைக்கு முத்துராக்குக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும். வரீங்கதானே? சரின்னு சொன்னாத்தான் கிளம்புவேன்."

களவா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. ஆட்டிய ஆட்டில் பேத்தை வெளியே வந்து விழுந்தது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பெண்ணின் அப்பா உருண்டையாக நின்று எல்லோரையும் வரவேற்றது. களவா மட்டும் வரவில்லை, வாயெல்லாம் புண்.

அன்று முதல்தான் பேத்தை பயந்தால் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்கிறது. களவாவும் அன்று முதல்தான் பேத்தையைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்கிறது. முத்துராக்குக்கு இன்னும் நான்கு தங்கைகள் இருக்கிறார்களே!