வயிறு முட்டிய குழாய்

வயிறு காலியானால் மிதப்பான், நிறைந்தால் மூழ்குவான், அவன் யார்? குடம் என்று உடனே சொல்லிவிட்டீர்கள். எண்ணெய்க் கிணற்று மேலாளர் சபாபதிக்கு அது தோன்றவில்லை.

அவருடைய கிணறு நேராக இறங்கிப் பிறகு படுக்கையாகத் திரும்பும். உள்ளே முழுக்கச் சேற்றுக் குழம்பு. அதற்குள் இறக்கிய இரும்புக் குழாய் படுக்கைப் பகுதியில் கிணற்றின் அடிப்பக்கத்தை உரசி நின்றுவிட்டது.

“குழாய்க்குள்ளும் குழம்பை நிரப்பு, கனத்தில் தானாப் போகும்! சாயங்காலத்துக்குள் போகலைன்னா உனக்கு வேலை போச்சு” என்று தொழிலாளி கலியபெருமாளை மிரட்டினார். நிரப்பியும் குழாய் நகரவில்லை.

மதியம் அவன் மனைவி செங்கமலம் மகளோடு வந்து எல்லாருக்கும் சோறு போட்டாள். மேலாளர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“சார், உங்க இலையை எடுத்துப் போடுறீங்களா?” என்று கேட்டாள் செங்கமலம்.

“வயிறு முட்டத் தின்னவன் எப்படிம்மா நகர்வான்?”

“அப்போ குழாய்க்கு மட்டும் ஏன் சார் வயிறு முட்ட ஊட்டுறீங்க?”

கலியபெருமாள் சிரித்துக்கொண்டே குழாயை வெளியே இழுத்தான். முன்பகுதியை மட்டும் குழம்பு புகாமல் அடைத்து, வெறும் காற்றோடு இறக்கினான். மேலே நின்ற குழாயின் கனம் தள்ள, அது மிதந்தபடி வழுக்கிக்கொண்டு கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

மேலாளர் குழந்தையிடம் லட்டை நீட்டினார். “சொல்லு பாப்பா, இது யார் யோசனை? அம்மாவா, இந்த மாமாவா?” என்று தன்னையே காட்டிக் கேட்டார்.

பாப்பா முதலில் லட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு, “அம்மா” என்றாள்.