தெற்கே வழிந்த பானை

பொங்கலன்று காலை, குடமுருட்டிக் கரையிலிருந்த மடத்துத் தெருவில் இருபத்தாறு பானைகள் வரிசையாக அடுப்பில் ஏறியிருந்தன. அந்த வருஷம் நெல் நன்றாகக் கண்டிருந்தது. தெருவே சிரித்துக்கொண்டிருந்தது.

பானை எந்தத் திசையில் பொங்கி வழிகிறதோ அதைப் பார்த்து வருஷத்துக்குப் பலன் சொல்வது அந்த ஊர் வழக்கம். கிழக்கே வழிந்தால் வீடு வாசல், வடக்கே பணவரவு, மேற்கே கல்யாணம். தெற்கு என்றால் கெடுதல். அதனால் இத்தனை வருஷமாகக் கொஞ்சம் கோணலாக வழிந்ததையெல்லாம் கிழக்கு என்று சொல்லிச் சமாளித்து வந்தார்கள்.

இந்த வருஷம் அது நடக்கவில்லை. மடத்தில் குஞ்சிதபாதம் இருந்தார்.

அவர் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது. மடத்தை நடத்தும் தையல்நாயகி அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். அதைப் பொருட்படுத்தாமல் குஞ்சிதபாதம் அம்மாளுக்குச் சீடராகச் சேர்ந்துவிட்டார். வேலையை விட்டாலும் திசைகாட்டியை விடவில்லை. முப்பது வருஷம் வரப்புச் சண்டைகளுக்கு நடுவே நின்றவர், பொய் அவர் வாயில் வராது.

பதினோராவது பானை பவளக்கொடியுடையது. ஆவணியில் கல்யாணமாகி வந்த பெண், இதுதான் தலைப்பொங்கல். புருஷன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

பால் நுரைத்து எழும்பியது. குலவை கிளம்பியது. பால் வழிந்தது.

"ஐயா, பாத்துச் சொல்லுங்க" என்றார்கள்.

குஞ்சிதபாதம் திசைகாட்டியைத் திறந்து, முள் நிற்கும்வரை காத்திருந்தார்.

"தெற்கு. ஒரு பாகைகூட அந்தண்டை இந்தண்டை இல்லை."

குலவை பாதியில் நின்றது. தெற்குப் பக்கம் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். குஞ்சிதபாதமும் நான்கடி நகர்ந்து வடக்கே போய் நின்றார்.

மாமியார் ராஜாமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. மகன் கண்காணாத தேசத்தில் இருக்கிறான். "விறகை இழுத்துடு. வேற பானை வச்சுக்கலாம்" என்று தானே இரண்டு கட்டையை வெளியே இழுத்துப் போட்டாள்.

பவளக்கொடி களைந்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்க்கக் குஞ்சிதபாதத்துக்குப் பொறுக்கவில்லை. மடத்துக்குள் ஓடினார்.

தையல்நாயகி அம்மாள் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இருக்கிறதத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு அழுவுது. பொய் சொல்லியிருக்கணுமா?"

அம்மாள் எழுந்தார். இலைகளை இடுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். குஞ்சிதபாதம் பின்னாலேயே வந்து, முன்பு நின்ற அதே வடக்குப் பக்கத்தில் நின்றார்.

அம்மாள் பானையைச் சுற்றிக்கொண்டு போனார். எல்லோரும் விலகிக் காலியாகக் கிடந்த தெற்குப் பக்கத்தில், பால் சிந்திய இடத்துக்குப் பக்கமாக, ஓர் இலையை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அரிசியப் போடும்மா. பசிக்குது."

பவளக்கொடி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அம்மாளைப் பார்த்தாள்.

"தெக்க வழிஞ்சிருக்கேம்மா" என்றாள் ராஜாமணி.

"அப்படியா? ஐயா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எந்தப் பக்கம் வழிஞ்சிருக்கு?"

குஞ்சிதபாதம் மறுபடியும் திசைகாட்டியைத் திறந்தார். முள்ளையும் பவளக்கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் முள் பொய் சொல்லாது.

"தெற்குதாம்மா."

"தெற்கே என்ன இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இருக்கீங்க. இலையோட."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த அடுப்புக்காரி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்களுக்கும் ஒரு இலை போடுங்கம்மா." அதற்குப் பிறகு தெருவைப் பிடிக்க முடியவில்லை. கரும்பும் கையுமாகப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தெற்குப் பக்கத்தில் உட்கார இடத்துக்குத் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது.

ராஜாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, இழுத்துப் போட்ட கட்டைகளை எடுத்து அடுப்பில் தள்ளினாள்.

"போடுடி அரிசிய. இத்தன பேருக்குக் காணுமான்னு பாரு."

பவளக்கொடி அரிசியைப் போட்டாள். "பொங்கலோ பொங்கல்!" என்று மாமியார்தான் முதலில் கத்தினாள். தெரு முழுக்கத் திருப்பிக் கத்தியது. பவளக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள்.

பொங்கல் வெந்து, வெல்லமும் நெய்யும் சேர்ந்து, முதல் கரண்டி அம்மாளின் இலையில் விழுந்தது. அம்மாள் விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

குஞ்சிதபாதம் மட்டும் அடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே. நான் சொன்னது தப்பா?"

"சரியாத்தான் சொன்னீங்க" என்றார் அம்மாள், பக்கத்தில் ஓர் இலையை விரித்துக்கொண்டே. "சொல்லிட்டு வடக்கே போய் நின்னுக்கிட்டீங்களே, ஐயா."