முகத்துவாரம் வெட்டிய உமரி

கேளுங்கள் மக்களே, நம்பாதவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கேளுங்கள்! எப்போதோ ஒரு காலத்தில், கடலோரம் ஒரு குட்டி நாடு இருந்தது. ராசா கால் நீட்டிப் படுத்தால் குதிகால் அடுத்த நாட்டில் கிடக்கும். அவ்வளவுதான் நாடு.

அந்த நாட்டுக்கு ஒரே ஆறு. ஆற்றின் தலையில் மலையடியூர், நடுவில் வயலூர், வாயில் கரையூர். கோடையில் அலை மணலை அள்ளிவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழைக்கு முன்னால் அந்த மேட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டுவது கரையூர் ஆள். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிப்பது மற்ற இரண்டு ஊர்க்காரர்கள். கடைசி வெட்டில் ஆறு பாயும். பிடி தளர்ந்தால் ஆள் கடலுக்கு.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ராசாவைத் தேடாதீர்கள், முதல் இடிக்கே பரணில் ஏறிவிட்டார்.

வெட்டும் முறை உமரியின் வீட்டுக்கு. அவள் புருஷன் திமிலனோ கால் ஒடிந்து கிடந்தான். கரையூர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு படகேறிப் போய்விட்டார்கள். வாய் அடைபட்ட ஆறு வீட்டுக்குள் ஏற, உமரி புருஷனை விட்டத்தில் ஏற்றிக் கட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ போடி" என்றான். பல் கிடுகிடுத்தது.

கயிறு பிடிக்க ஆள் கேட்டு உமரி வயலூருக்கு ஓடினாள். ஊர்த்தலைவர் வேம்பனார் மாட்டேன் என்று தலையசைத்தார். "ஆத்து வாயைத் திறந்தா உப்புத்தண்ணி என் நெல்லுல ஏறும் தாயி. அப்புறம் பாப்போம்."

மலையடியூருக்கு ஓடினாள். அங்கே தலைவன் காரி சிரித்தான். "தண்ணி மலை ஏறுமா? உன் வீட்டுக்காரனுக்கு நீச்சல் சொல்லிக்குடு, போ!"

திரும்பி வந்தபோது வெள்ளம் திமிலனின் மார்பில் நின்றது. இடுப்புக் கயிற்றின் மறுமுனையை ஒரு புன்னைமர வேரில் கட்டிவிட்டு, உமரி தனியாக வெட்ட இறங்கினாள்.

அப்போதுதான் அது நடந்தது. முதலில் ஆறு சத்தத்தை நிறுத்தியது. பிறகு நண்டுகள் வளையை விட்டு வரிசையாக மேட்டுக்கு நடந்தன. பிறகு ஆறு நின்றது, திரும்பியது, வந்த வழியே மேலே நடந்தது.

வேம்பனாரின் வயல் கண்ணெதிரே காணாமல் போனது. காரியின் அடுப்படியில் ஒரு கடல்நண்டு உலைப்பானை மேல் உட்கார்ந்து அவனையே பார்த்தது. அலறிப் புடைத்து, வாழைமரத் தெப்பத்தில் இருவரும் விழுந்தடித்து வந்தார்கள்.

புன்னைவேர் பெயர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் கயிற்றைப் பற்றிய கணம், கடைசி மணல்கட்டி சரிந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! உமரி மறைந்தாள். கயிறு விறைத்தது.

"விட்டுடாதே காரி!"

"கையே போனாலும் விடமாட்டேன், இழுய்யா!"

உள்ளங்கைத் தோல் உரிந்தது. இழுத்தார்கள், இழுத்தார்கள், இன்னும் இழுத்தார்கள். மணலைத் துப்பிக்கொண்டு வந்தவள் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

திமிலனின் முகம் கூரையில் ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் அப்போதுதான் அவன் உதட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்தபடியே இருந்தது. அவள் தொட்ட பிறகுதான் இமைத்தான்.

ஒரே ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர்களில் யாரும் தனியாகத் தப்பிக்க முடியாது, மக்களே.